தொரசாணிகிட்டக் கேக்க ரெண்டு வரி

இல்ல தாயி, சிரிங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வண்டிக்காரன் வாயில இங்கிலீசு வந்தா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். தேனி டேசன்ல உங்க கையில அந்தத் தடிப் பொஸ்தகத்தப் பாத்ததுமே மத்த வண்டிக்காரனையெல்லாம் தள்ளிவிட்டு ஓடியாந்து உங்க பெட்டியத் தூக்குனது அதுக்குத்தேன். சின்னமனூரு போயிச் சேர்றதுக்குள்ள எனக்கு ரெண்டு வரி சரியா வந்துரணும். மெட்ராசுல காலேசு படிக்கிறவுக, தப்பாச் சொன்னா அங்கனயே நிறுத்துங்க. கூச்சப்படாதீக.

இந்தா பாருங்க. தி ரைஸ் பேக் ஈஸ் ஆன் தி கார்ட். சரிதானே? லாந்தரு அடியில தொங்குது, அது அண்டர் தி கார்ட். தாயி உக்காந்திருக்கிறது கூண்டுக்குள்ள, அதுக்கு இன். ரெண்டு மாட்டுக்கும் நடுவுல ஏர்க்காலு, பிட்வீன். பின்னால ஒரு நாயி வருதுல்ல, டேசன்ல இருந்தே தொடந்து வருது சனியன், அது பிஹைண்டு.

இதெல்லாம் பவுனு சொல்லிக் குடுத்தது. எம்மக. குமுளிக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டம், அங்கன தொர பங்களாவுல பிள்ள பாக்குற வேலைக்கு விட்டிருந்தேன். மாசத்துக்கு ஒருக்கா அரிசி ஏத்திக்கிட்டு மலைக்குப் போவேன்ல, அப்ப என்னையக் குசினி வாசல்ல உக்கார வச்சு, ஒரு டம்ளரக் கவுத்தி, அதுக்கு மேல கல்லு, அதுக்குக் கீழ கல்லு, பக்கத்துல கல்லுன்னு வச்சு வச்சுக் கேக்கும். தப்பாச் சொன்னா மண்டையில குட்டும். தொரசாணி தம்பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிறதக் கேட்டுக் கேட்டே படிச்சுக்கிருச்சு, கழுத.

ம்? எது தப்பு? இப்ப மாட்டக் காட்டி, மாடு வைக்கோலு ஈட்ஸ்னு சொன்னேனே, அதா? ஓ, தெனமும் திங்கிறதுக்கு அது, இப்பத் தின்னுக்கிட்டு இருந்தா ஈட்டிங். இப்ப எங்க தாயி திங்கிது, நடந்துக்கிட்டுல இருக்கு. வாக்கிங். தி புல் ஈஸ் வாக்கிங். ஏலே செவல, உன்னையத்தேன் சொல்றோம், நல்லா எட்டுப் போடு. முடிஞ்சு போனதுக்கு வேற மாதிரி சொல்லணுமா? அது வேணாம் தாயி, அத ஆரம்பிச்சா ஊரு வந்துரும். இப்ப உள்ளதச் சொல்லத் தெரிஞ்சாப் போதும் எனக்கு.

எதுக்கா? தொரசாணியம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். வர்ற திங்கக்கிழம குடும்பத்தோட சீமைக்குக் கெளம்புறாக. இனி இந்தப் பக்கமே வரமாட்டாகளாம். இன்னைக்குச் சனி. உங்களைய எறக்கிவிட்டு நிக்காம ஓட்டுனாலும் மலை ஏறிச் சேர நாளைக்குப் பொழுது சாஞ்சிரும். அந்த ஒரு பொழுதுதேன் கெடைக்கும். விட்டா அவ்வளவுதேன்.

கங்காணிய வச்சுக் கேக்கலாந்தேன். அந்த ஆளு வேணாம் தாயி. முன்ன ஒரு தடவ, வீரபாண்டித் திருவிழாவுக்குப் பிள்ளைய நாலு நாளு அனுப்பி வையுங்கன்னு தொரகிட்டக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். கங்காணி நடுவுல நின்னு என்னத்தச் சொன்னாரோ, தொர உள்ள போயி ஒரு டப்பாப் பொகையில கொண்டாந்து எங்கையில குடுத்தாக. வெளிய வந்ததும் அந்த டப்பாவையும் கங்காணி வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. அதுனாலதேன் இந்தத் தடவ என் வாயாலேயே கேட்டுரணும்னு இருக்கேன்.

அந்த ரெண்டு வரியா? மொதல்ல, ஐ ஆம் ஃபாதர் ஆஃப் பவுனு. பெறகு, வேர் ஈஸ் ஷீ? சரியா இருக்கா? ஆனாக் கேட்டா மட்டும் போதாதுல்ல, அவுக கைய நீட்டி அதுக்குப் பக்கத்துல, இதுக்குப் பின்னாலன்னு சொன்னா எனக்கு வெளங்கணும்ல. அதுக்குத்தேன் இந்தச் சின்னச் சின்ன வார்த்தையெல்லாம் விடாம உருப்போடுறேன்.

எம்மக எங்கன இருக்குன்னு எனக்கே தெரியாதான்னு பாக்குறீக.

போன ஆனியில காய்ச்சலு தாயி. மழையில மலைப்பாத சரிஞ்சு கெடந்துச்சு. நான் ஏறிப் போக எட்டு நாளாயிருச்சு. அதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டாக. கங்காணி எட்ட நின்னுக்கிட்டு, அந்தா அந்த மேடுதேன்னு கையக் காட்டுனாரு. எங்க வகையில கல்யாணம் ஆகாத பிள்ள போயிட்டா அது வீட்டுச் சாமி. அடக்கம் பண்ண எடத்துல ஒரு பிடி மண்ணு எடுத்தாந்து, ஓலப்பெட்டியில பாவாடை வளையலோட வச்சுக் கும்பிடணும். அப்பத்தேன் பிள்ள வீட்டுக்கு வந்ததா அர்த்தம். நானும் அந்த மேட்டுல அள்ளியாந்து வச்சேன். என் வீட்டுக்காரி ஜக்கம்மா வெள்ளிக்கு வெள்ளி வெளக்குப் பொருத்தி, பிள்ள தலையக் கோதுறாப்புல அந்தப் பெட்டியத் தடவிக்கிட்டே இருப்பா.

போன மாசம் மலைக்குப் போனா, அதே மேட்டுல ஒரு கெழவி பத்தி கொளுத்திக்கிட்டு இருக்கா. யாரும்மான்னு கேட்டேன். எம்புருசன்யா, போயி மூணு வருசமாச்சுன்னா. கங்காணியக் கேட்டா, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்குங்கிறாரு. அன்னைக்குக் குழிக்கிட்டக் கடைசிவரைக்கும் நின்னது தொரசாணியம்மாதேன்னு தோட்டக்காரன் அழகர் சொன்னான். குழி வெட்டுன ஆளுகளும் வேற தோட்டத்துக்குப் போயிட்டாக.

ஜக்கம்மாகிட்ட இன்னும் நான் சொல்லல. நேத்து வெள்ளிக்கிழம. வெளக்குப் பொருத்திட்டு, பவுனு பவுனுன்னு பெட்டிகிட்டப் பேசிக்கிட்டு இருந்தா. நானும் பக்கத்துல போயி நின்னு கும்பிட்டேன் தாயி. பெட்டிக்குள்ள இருக்கிறது யாரோ ஒரு பெரிய மனுசன். அவருகிட்டத்தேன் மனசுக்குள்ள கேட்டேன். ஐயா, நீங்களும் அங்கனதான இருக்கீக, எம்பிள்ள எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்கய்யான்னு.