வெளுத்த மெட்டுகள்

மழை வந்தால் என் வலது மணிக்கட்டு வலிக்கும். தங்கச் சுரங்கத்துக்குள் கூரைக்கு முட்டு மரம் கொடுக்கும் வேலையில் இருந்தபோது ஒரு கட்டை உருண்டு அதன்மேல் விழுந்தது. எலும்பு கூடியது, வலி போகவில்லை. இப்போதைக்குக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் கீழே இறங்க வேண்டாம், மேலே மில்லில் தச்சு வேலை பார் என்று துரை மாற்றிவிட்டார். காத்தவராயன் கையை ஒடித்துக்கொண்டு பிழைத்தான் என்று என்னைப் பற்றிக் கூலி லைனில் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

வெளியூர்க்காரர் நீங்கள், அந்தக் கிதாரைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

மில்லில் கல்லை இடித்துத் தூளாக்கி, பாதரசம் தடவிய செப்புத் தகடுகளின்மேல் தண்ணீரோடு ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தைப் பற்றிக்கொண்டு வெள்ளைப் பசையாக நிற்கும். தகடுகளைத் தாங்கும் மரச்சட்டங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. சட்டத்தின் இடுக்குகளில் கொஞ்சம் பசை தங்கும். நான் அதைச் சுரண்டி எடுத்தேன். கை தேறினால் திரும்பக் கீழே அனுப்புவார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. அதற்குள் இந்த ஊரை விட்டுப் போக ஒரு வழி வேண்டும். எடுக்காதவன் யார் என்று கேட்கமாட்டேன். எடுக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். என்னோடு மில்லில் இருந்த பர்னபாஸ் அவர்களில் ஒருவன்.

வெளியே கொண்டுபோவதுதான் பாடு. கேட்டில் கோவணம்வரை அவிழ்த்துப் பார்ப்பார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள். பசை என் பட்டறையில் மரத்தூளுக்கு அடியில் கிடந்தது.

பர்னபாஸ் மில்லில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறவன். ஹரோல்ட் என்ற வெள்ளைக்காரச் சுரங்கக்காரர் சீமைக்குத் திரும்பும்போது தன் கிதாரை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மின்விளக்கு வந்த மறுவருஷம் அதைத் தோளில் சாத்திக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

"இன்னாடா, பொணத்தத் தூக்கியாற மாதிரி தூக்கியாற?" என்றேன்.

"கழுத்து உளுத்துப்போச்சு அண்ணே. கிறிஸ்மஸுக்கு வீடு வீடா போய்ப் பாடணும். இது இல்லேன்னா வெறும் தொண்டைய வச்சிக்கினு பாடணும். ஜனம் தாங்குமா?"

"இது இருந்தா மட்டும் தாங்குதா?"

சிரித்தான். அவன் சிரிப்பு சத்தமாக இருக்கும்.

கழுத்துதான் பூச்சி அரித்துப் போயிருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த விரல் பலகை நல்ல கருங்காலி. வீணையில் இருப்பதுபோல அதில் பித்தளை மெட்டுகள் பதித்திருந்தன. புதுக் கழுத்தைத் தேக்கில் செதுக்கிவிடலாம். மெட்டுகளின் இடைவெளிக் கணக்கு எனக்குத் தெரியாது. பலகை பிளந்தால் சுரம் போய்விடும். அதனால் பழைய பலகையையே முழுசாகப் பெயர்த்தெடுக்க வேண்டும்.

அதற்கு அவசரம் ஆகாது. ஈரத்துணியைப் பலகைமேல் விரித்து, நெருப்பில் காய்ந்த இரும்பை வைத்து, சூடு வச்சிரப்பசைவரை இறங்கப் பொறுத்திருக்க வேண்டும். பிறகு மெல்லிய கத்தியை வெந்நீரில் தோய்த்து ஓரத்தில் நுழைத்து, பசை விடுகிற வேகத்திலேயே தள்ள வேண்டும். பர்னபாஸ்தான் துணியை நனைத்து நனைத்துக் கொடுத்தான். பலகை முழுசாக வந்தபோது அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

புதுக் கழுத்தை அவன் இல்லாதபோது செதுக்கினேன். நடுவில் நீளமாகக் குழி எடுத்து, தங்கப் பசையை அடைத்து, தேன்மெழுகு ஊற்றி மூடினேன். மேலே பலகையை ஒட்டினேன். மழை நின்றதும் ஒருதரம் என் வீட்டுக்குக் கொண்டு வா, ஒட்டு சரியாக இருக்கிறதா பார்க்கணும் என்று சொல்லிவைத்தேன். அப்போது எடுத்துக்கொள்ளலாம். அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று அன்று நினைத்தேன். துரை கொடுத்த அனுமதிச் சீட்டோடு அவன் கேட்டுக்குப் போனான். காவல்காரர்கள் கிதாரைக் குலுக்கிப் பார்த்தார்கள், ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள்.

எனக்கு மரம் தெரியும், உலோகம் தெரியாது. ஒட்டும்போது வச்சிரப்பசை இறுகாமல் இருக்கப் பலகைக்குச் சூடு காட்டினேன். அந்தச் சூட்டில் உள்ளே மெழுகு உருகியிருக்கிறது. மெட்டுகளுக்காக அறுத்த பள்ளங்கள் பலகையின் அடிவரை போயிருந்தன. பாதரசம் அவற்றின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பித்தளையைத் தொட்டது. மஞ்சள் மெட்டுகள் ஒவ்வொன்றாக வெளுத்தன.

பர்னபாஸுக்கு அது பெருமை. "எங்க அண்ணன் வேலையப் பாத்தியா, பித்தளைய வெள்ளியாக்கிட்டாரு" என்று லைன் முழுக்கக் காட்டியிருக்கிறான். மழை நின்றும் என் வீட்டுக்கு வரவில்லை. பாட்டு பழக வேண்டும், கிறிஸ்மஸ் போகட்டும் என்றான். கிறிஸ்மஸ் அன்று காலை, மில்லில் தங்கப் பசையைக் காவல் காக்கும் கொர்னேலியஸ் வீட்டு வாசலில் பாடினான். அவரிடமும் காட்டினான்.

என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை இருந்தார், போலீஸ்காரர் இருந்தார், மேசைமேல் கிதார் இருந்தது. கோடாலியும் வைத்திருந்தார்கள்.

"பாதரசம் பட்டாதான் பித்தள இப்டி வெளுக்கும்" என்றார் கொர்னேலியஸ்.

"ஒடைக்க வேணாம் தொரே. உள்ள ஒண்ணும் கெடையாது. அண்ணன் இருக்காரு, நோவாம எடுப்பாரு" என்றான் பர்னபாஸ்.

இரும்பு காய நேரம் பிடித்தது. துணி நனைக்க நேரம் பிடித்தது. சொல்ல நினைத்திருந்தால் அதற்குள் சொல்லியிருக்கலாம். நான் கத்தியை ஓரத்தில் நுழைத்தேன். என் வேலையில் ஒரு குறையும் இல்லை. பலகை கீறல் இல்லாமல் வந்தது. அடியில் வெள்ளையாக மின்னியது.

"நீ ஒட்டும்போது இது இருந்துதா?" என்று போலீஸ்காரர் என்னைக் கேட்டார்.

"இல்லிங்க."

"வேற யாரு தொறக்க முடியும்?"

இரும்பும் கத்தியும் இருந்தால் யாரும் திறக்கலாம் என்றேன். நான் கழற்றும்போது பர்னபாஸ் கூட இருந்து பார்த்தான் என்றேன். இரண்டும் பொய் இல்லை. பட்டறையில் ஓர் உளியைக் காணவில்லை என்றும் சொன்னேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பர்னபாஸ் தங்கத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ்காரர் கூட்டிப்போகும்போது, "பலகைய வச்சிருங்க அண்ணே, வந்து வாங்கிக்கறேன்" என்றான். செய்தவன் நான் என்பது அவனுக்குத் தெரியாது என்றுதான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

அவன் வரவில்லை. பெங்களூர் ஜெயிலில் வயிற்றுக்கடுப்பு கண்டு செத்துப்போனான். கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் அவன் பெண்டாட்டி இசபெல்லா ராபர்ட்சன்பேட்டை சந்தைப் பக்கம் குடிசை போட்டு இட்லி விற்கிறாள். கள்ளன் பெண்டாட்டி கடை என்றுதான் அடையாளம் சொல்வார்கள். கோயிலில் அவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காருவதில்லையாம். என்னை மில்லில் பெரிய தச்சனாக்கினார்கள். அதற்கப்புறம் நான் கேஜில் கால் வைத்ததே இல்லை.

அவள் ஒருநாள் பலகையைக் கேட்டு வந்தாள். துடைத்து, துணி சுற்றிக் கொடுத்தேன்.

"எல்லாரும் அவர கள்ளன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்லல அண்ணே. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். இட்லி கொண்டுவந்திருந்தாள், சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன்.

நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை என்பது உண்மைதான். பலநாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

தங்கத்தை எடுத்தது நான். கழுத்துக்குள் வைத்தது நான். பர்னபாஸுக்கு ஒன்றும் தெரியாது. இதை இசபெல்லாவிடம், சந்தையில் ஜனம் கேட்க, நான் சொல்லியாக வேண்டும். அது அவளுக்கு நான் பட்ட கடன். அவள் கடை இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.