தோணிக்காரியின் கூலி

— ஜன்னலுக்கு ரெண்டு பெட்ஷீட்டு கட்டியாச்சுப்பா. கதவுக்க அடியில சாக்கும் வச்சாச்சு. இப்பம் இங்க ராத்திரி.

— ஏட்டி, பகலு ரெண்டு மணிக்கா?

— ஒங்களுக்கு நைட் டூட்டின்னா எனக்கு பகலுலதான் ராத்திரி. ரெண்டு வருசமா பள்ளிக்கூட லீவு வந்தா வெள்ளிக்கிழமையெல்லாம் இப்படித்தானே படம் பாக்கோம். பஹ்ரைன்ல மணி என்ன?

— இங்கயா... பதினொண்ணரை ஆவுது. இப்பம்தான் எழும்பினேன்.

— வெயிலா?

— பின்ன என்ன, தலையில தோசை சுடலாம். அங்க?

— இங்கயும் அப்படித்தான். ஆனா போர்வை போத்தியாச்சு.

— மே மாசத்துல போர்வையா? வட்டு புடிச்சிருக்கு ஒனக்கு.

— படம் பாக்கும்ப போர்வை வேணும். ஃபேன அஞ்சுல வச்சிருக்கேன். தட்டுல மரச்சீனி சிப்ஸு. அம்மா பொரிச்சு வச்சிட்டுத்தான் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனா. ரெண்டு தட்டு.

— ரெண்டு எதுக்கு?

— ஒண்ணு ஒங்களுக்கு. லீவு கெடைக்கல்ல, வரல்லன்னு நீங்க நேத்து ராத்திரிதானே பறஞ்சிய. அதுக்கு முன்னயே அவ கிழங்கு அரிஞ்சாச்சு.

— நான் என்ன செய்யட்டு மக்கா? கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்ட எடுத்து வச்சிட்டு தரமாட்டேங்கான்.

— நான் ஒண்ணும் கேக்கல்லியே.

— கோவமா?

— தோணிக்காரி கதையில மூணாவது படம் வந்து நாலு மாசமாச்சுப்பா. கிளாஸுல எல்லாரும் பாத்தாச்சு. பெனிஷ் முடிவ சொல்ல வரும்ப நான் காத பொத்திக்கிட்டு ஓடினேன். மூணாவத போனுல பாக்கண்டாம், மே மாசம் வருதேன், பக்கத்துல இருந்து பாக்கலாம்ன்னு சொன்னது ஆரு?

— நான்தான்.

— அந்த மே மாசம் இதாக்கும்.

— கிறிஸ்மஸுக்கு கண்டிப்பா வந்திருவேன், கேட்டியா.

— போன கிறிஸ்மஸுக்கும் கண்டிப்பாத்தான் இருந்துது.

— ஒனக்கு வாய் நீண்டு போச்சு. பிளஸ் டூவுக்கு படிக்கச் சொன்னா கத புக்கு படிச்சுப் படிச்சு.

— அந்தப் படத்துக்க புக்க அனுப்புனதே நீங்கதான். அதுவும் ரெண்டாவது பாகத்த மொதல்ல அனுப்புனிய. செத்துப் போனவன மொதல்ல படிச்சிட்டு, பின்ன அவன் பள்ளிக்கூடம் போறத படிச்சேன்.

— கடைக்காரி எடுத்துத் தந்தா, அட்டை பாக்க நல்லா இருந்துது. எனக்கென்ன இங்கிலீசு தெரியுமா?

— அதான் உக்காந்து தமிழாக்கி வாய்ஸ் மெசேஜா விடுதேன். மூணாவது பாகத்துக்கு மட்டும் இருவத்தெட்டு மெசேஜ். தொண்ட வத்திப் போச்சு. கேட்டியளா?

— எல்லாம் கேட்டேன். படுக்கும்ப காதுல வச்சுத்தான் படுப்பேன். கொள்ளாம். அந்தப் பிள்ளை எல்னா, தம்பிய தேடி ஆத்துக்கு அக்கரைக்குப் போறது வரைக்கும் செரி. பதினேழு வயசுல அவளுக்கு ரெண்டு லவ்வு எதுக்கு? தம்பிய தேடுறாளா, மாப்பிள்ள தேடுறாளா?

— இந்த மாதிரி புக்குல ரெண்டு பயலுவ இருக்கணும்ப்பா. ஒருத்தன் நல்லவன். ஒருத்தன் முடி வளத்தவன்.

— இவ முடி வளத்தவனத்தான் கெட்டுவா. எழுதி வச்சுக்க.

— ஐயே, சும்மா இரிங்க! நான் கடைசி மூணு அத்தியாயம் படிக்காம வச்சிருக்கேன். ஒங்ககூட படத்துலதான் பாக்கணும்ன்னு.

— எனக்கு அந்த தோணிக்காரி போதும். அவதான் ஆளு.

— எனக்கும். பைசா வாங்காம, உண்மை ஒண்ண கூலியா வாங்கிட்டு ஆத்த கடத்தி விடுதா பாருங்க. பொய் சொன்னா நட்டாத்துல தோணி முங்கும். அம்மாகிட்ட சொன்னேன். கருங்கல் போற பஸ்ஸுல இப்படி கூலி கேட்டா டிரைவரும் இறங்கிப் போவான்னு சொன்னா.

— அவ அப்படித்தான் சொல்லுவா. நல்லா இருக்காளா?

— இருக்கா. நீங்களே விளிச்சுக் கேக்கலாமே.

— கேக்கணும். ஆமா, போன சனிக்கிழமை மெசேஜ் ஒண்ணும் வரல்ல. எங்க போன?

— சண்டே ஸ்கூல் கதைப் போட்டி, நாகர்கோவில்ல. நான் வாலண்டியரு. ஜூஸு குடுக்கணும், மார்க்கு கூட்டணும். சின்னப் பிள்ளையளு நூறு பேரு. பாதி மைக்க கண்டதும் ஓன்னு கரஞ்சுது. ஒண்ணு மேடையிலயே மோண்டு போச்சு.

— ஹ ஹ. பின்ன ஆருக்கு பர்ஸ்ட்?

— முட்டத்துலேருந்து வந்த ஒரு பிள்ளைக்கு. பிளஸ்ஸி. அஞ்சாம் கிளாஸு.

— எத்தன மார்க்கு?

— தொண்ணூத்தாறு.

— கொள்ளாமே. பயப்படாம சொல்லிச்சா?

— பயமா? மைக்க புடுங்கித்தான் இறக்குனோம். ஆரு சொல்லித் தந்தான்னு கேட்டேன். வீட்டுல அப்பான்னு சொல்லிச்சு.

— ம். நீ படத்த போடு மக்கா, நேரம் போவுது.

— அவசரப்படாதிய. கேமராவ ஆன் செய்யுங்க.

— நெட்டு இழுக்காது. கேமரா போட்டா படம் நின்னு போவும்.

— ஒரு வருசமா இழுக்கல்லியா?

— கேம்ப்புல நூறு பேரு ஒரே வைஃபையில தொங்குதான். நீயும் போடாத. சத்தம் கேட்டா போதும்.

— செரி. போன ஒங்க தலைணையில சாச்சு வச்சிருக்கேன். அம்மா உறை மாத்தியிருக்கா. நீலப்பூ போட்டது.

— எதுக்கு மாத்தினா?

— நீங்க வருவியன்னுதான். பின்ன போனுக்கா மாத்துவா?

— கிறிஸ்மஸுக்கு வரும்ப அதுல படுப்பேன், போதுமா?

— தோணிக்காரி மாதிரி ஒருக்கா பேசுங்க.

— அவதான் படத்துல வருவாளே.

— படத்துல உள்ளவ மினுமினுன்னு மேக்கப் போட்டிருக்கா. அவளுக்கு இருமவே தெரியாது. புக்குலயும் இருமல் இல்ல. அது நீங்க உண்டாக்குனது. எனக்கு டெங்கு வந்து ஆசுபத்திரியில கெடக்கும்ப போனுல மொத மொதல்ல போட்டிய. ஸ்பீக்கருல கேட்டு நர்ஸு ஓடி வந்தா, ஆருக்கு மூச்சுமுட்டுதுன்னு.

— அந்த நர்ஸு என்னையும் சேத்துல்லா ஏசினா.

— ஒங்கள இல்ல. இருமின கிழவிய வெளிய போகச் சொன்னா. போடுங்கப்பா.

— செரி, கேளு... க்ஹூம்... க்ஹூர்ர்ர்... வந்தியா மக்களே... பைசா வேண்டாம், பண்டமும் வேண்டாம்... உண்மை ஒண்ணு அவுத்து வை... பொய் சொன்னியோ... க்ஹூர்ர்ர்... ரெண்டாளும் முங்கிச் சாவோம்! ...என்னட்டி, சிரிக்கல்ல? மத்த நேரம் உருண்டு பெரண்டு சிரிப்ப.

— சிரிச்சேன்.

— கேக்கல்லியே. சளியா? சத்தம் ஒரு மாதிரி இருக்கு.

— பெட்ஷீட்டு கட்டும்ப தூசி.

— செரி. ஒண்ணு ரெண்டு மூணு சொல்லு. சேந்து அமுக்குவோம்.

— அதுக்கு முன்ன கூலி.

— ஓ, அது உண்டுல்லா.

— மொத படத்துக்கு நீங்க என்ன உண்மை குடுத்திய? ஓர்ம இருக்கா?

— திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல ஒன்ன விட்டுட்டு உள்ள போயி, கக்கூஸுல நின்னு கரஞ்சேன்னு.

— ரெண்டாவதுக்கு?

— ஒனக்க பெறந்தநாளு மறந்து போச்சு, அம்மா மெசேஜ் விட்டுத்தான் விளிச்சேன்னு.

— அது ரெண்டும் உண்மை. தோணி முங்கல்ல. இப்பம் மூணாவது.

— ம்... ஒன்ன பாக்காம இருக்க முடியல்ல மக்கா. இதாக்கும் உண்மை.

— அது எனக்குத் தெரியும். பழசு. வேற?

— வேற என்ன?

— யோசிச்சுச் சொல்லுங்க. நான் கோவப்பட மாட்டேன். கரைய மாட்டேன். அம்மாகிட்ட பறைய மாட்டேன். இங்க கும்மிருட்டு, எனக்க மூஞ்சி ஆருக்கும் தெரியாது.

— நீ என்னட்டி போலீஸுக்காரி மாதிரி.

— நான் தோணிக்காரி.

— வேற ஒண்ணும் இல்ல, ஷைஜா. டூட்டி, கேம்ப்பு, சோறு, ஒறக்கம். வேற என்ன இருக்கு எனக்கு?

— ஒண்ணும் இல்ல?

— இல்ல.

— செரி.

— அமுக்கட்டா?

— இருங்க. நீங்க குடுக்கல்லன்னா நான் குடுக்கணும். ஆராவது ஒருத்தரு குடுத்தாத்தான் தோணி போவும்.

— குடு, பாப்போம்.

— எனக்கது சின்னது. சொல்லிட்டு மூணு வரைக்கும் எண்ணுவேன். நீங்க ஒண்ணும் பேசண்டாம், படத்த மட்டும் அமுக்குங்க. அடுத்த வெள்ளிக்கிழமையும் விளிக்கணும். எப்பவும் போல ரெண்டு மணிக்கு. விளிப்பியளா?

— விளிக்காம பின்ன? சொல்லு மக்கா.

— பிளஸ்ஸிக்கு கதை சொல்லிக் குடுக்கும்ப, அது மேடையில அப்படியே இருமிக் காட்டுன தோணிக்காரிக்க அந்த இருமல மட்டும் போடாதியப்பா. அது எனக்கு உள்ளதாக்கும்.