ஆறாவது கம்பு

நூற்று முப்பத்தேழு ரூபாய் எட்டணா. செத்துப்போன வீரபத்திரன் பெயரில் நின்ற பாக்கி அது. அந்தப் பாக்கிக்காகத்தான் அவனுடைய தம்பி செல்லச்சாமி ராத்திரி பதினொரு மணிக்கு, உப்பளத்திலிருந்து உச்சிப்புளிப் பக்கம் போகிற மணல் பாதையில் தனியாக நடந்தான்...

காற்று பலமாக அடிக்கிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

இதை எனக்குச் சொன்னவன் அந்தச் செல்லச்சாமியேதான். என்னோடு ஒரே பாத்தியில் உப்பு வாரியவன். கதை கட்டத் தெரியாத ஆள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். அமாவாசைக்கு முந்தின நாள். மழை பொய்த்துப் போனதால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் அப்போது பாம்பு பிடிக்கப் போவார்கள். செங்கோட்டைக்கு மேற்கே மலைக்காடு. சாரை, மலைப்பாம்பு... உரித்துக் காயவைத்துக் கொண்டுவந்தால் ராமநாதபுரத்துச் சீனி முகம்மது முதலாளி தோலை எடுத்துக்கொள்வார். மதராஸ் ஏற்றுமதிக்காரர் பணத்தை அவர்தான் முன்கூட்டியே கொடுப்பார். நல்ல மனுஷர். வட்டி வாங்கமாட்டார். ஆனால் அவர் சொந்தப் பணம் இல்லையே, தள்ளுபடி செய்ய முடியாது.

கூட்டத்தில் ஆறு பேர். இருளாண்டி தலைவன். ஆறு பேருக்கும் சேர்த்துத்தான் முன்பணம். ஒருவன் பாக்கி வைத்தால் மற்ற ஐந்து பேர் பங்கில் கழியும். ஐந்து பேர் வீட்டிலும் அடுப்பு எரிவதே பெரும்பாடு.

முந்தின வருஷம் வீரபத்திரன் காட்டிலேயே போய்ச் சேர்ந்தான். கண்ணாடி விரியன். அங்கேயே குழி தோண்டி, அவனுடைய கவைக்கம்பையும் கூட வைத்து மூடிவிட்டு வந்தார்கள். கவைக்கம்பு என்றால் பாம்பின் கழுத்தை அமுக்குகிற, நுனி பிளந்த கம்பு. பிடிக்கிறவன் செத்தால் அதுவும் அவனோடு போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வீட்டுக்கு வந்து சேர்ந்தது அவனுடைய தோள்துண்டு மட்டும். அவன் பெண்டாட்டி நாகலெட்சுமி, செத்தவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் பாக்கிக்குத் தம்பி போக வேண்டும் என்று ஆயிற்று. உப்பு வாரத் தெரிந்தவனுக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும்? புறப்படும்போது நாகலெட்சுமி வாசலை மறித்தாள்.

"வேணாம் தம்பி. ஒரு உசிரு போனது பத்தாதா? நான் கரிமூட்டத்துக்கு வேலைக்குப் போயி அடைக்கிறேன்."

"நீங்க அடைச்சு முடிக்கிறதுக்குள்ள அஞ்சு வீட்டுப் பிள்ளைக பட்டினி கிடக்கும் மதினி. போயிட்டு வாரேன்."

நடந்தான். இரண்டு பக்கமும் பனை. ஓலை ஒன்றோடொன்று உரசி... சரக்... சரக்... தூரத்தில் கடல். அக்காள்மடம் வரைக்கும் போய்ப் பாருங்கள், எங்கள் கரையில் உப்பு வாடையும் கருவாட்டு வாடையும் தவிர வேறென்ன உண்டு? அன்றைக்கு அவன் முதுகுக்குப் பின்னால் மழையில் நனைந்த இலை மக்குகிற வாடை. மலைக்காட்டு வாடை.

நின்றான். வாடையும் அங்கேயே நின்றது. நடந்தான். கூடவே வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பனங்காட்டுக்குள் ஓலைக் கொட்டகை. அரிக்கேன் விளக்கைச் சுற்றி ஐந்து பேர் பயணம் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த ரயில், எத்தனை நாள், எந்த ஓடைக்கரையில் தங்குவது, யார் சமைப்பது...

"பாக்கர் ஆக்க வேணாம்டா சாமி," என்றான் ஒருவன். "போன வருசம் அவன் வச்ச குழம்பு வாடைக்கே பாம்பெல்லாம் மலையாளத்துக்குப் போயிருச்சு."

"ஏலே, மூணு சட்டி தின்னவன் பேசுற பேச்சா இது?" என்றான் பாக்கர்.

சிரித்தார்கள். செல்லச்சாமியைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. இருளாண்டி நகர்ந்து இடம் கொடுத்தான்.

"உக்காரு தம்பி. கம்பு இருக்கா?"

"இருக்கு மாமா."

எல்லாம் பேசி முடித்தபின் விளக்கை அணைப்பார்கள். அது அந்தக் கூட்டத்து முறை. இருட்டில் அவனவன் தன் கம்பை நடுவில் போட வேண்டும். போக மனமில்லாதவன் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். யாரும் முகத்தைப் பார்த்துக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதற்காகத்தான் இருட்டு. விழுந்த கம்புகளை இருளாண்டி தடவி எடுத்து ஒரே கட்டாகக் கட்டுவான். கட்டினால் கட்டினதுதான். திரும்பி வரும்வரை முடிச்சைப் பிரிப்பதில்லை. வழியில் வேறு கம்பு வெட்டிக்கொள்வார்கள். எத்தனை கம்போ அத்தனை பங்கு.

விளக்கு அணைந்தது.

தொப். ஒன்று.

தொப்... தொப். மூன்று.

நான்கு. ஐந்து.

இனி செல்லச்சாமிதான் பாக்கி. கையை நீட்டினான். விரல் பிரியவில்லை. காட்டில் அண்ணன் எப்படிக் கிடந்திருப்பான் என்று ஒரு நினைப்பு. வாசலில் நின்ற மதினி முகம். கம்பை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். வெட்கத்தில் கண்ணீர் வந்தது. 

தொப்.

அவன் தோளுக்கு அருகிலிருந்து விழுந்தது.

இருளாண்டி கட்டி முடித்து விளக்கை ஏற்றினான். எண்ணினான். ஆறு. "நல்லது," என்று நிமிர்ந்தவன் செல்லச்சாமி கையில் இருந்த கம்பைப் பார்த்தான். மறுபடி எண்ணினான். ஆறுதான்.

எங்கள் ஊர் வெள்ளை மணல். ஆறாவது கம்பில் செம்மண் அப்பியிருந்தது. ஈரம் காயாத செம்மண். வெள்ளையாகச் சின்னச் சின்ன வேர் சுற்றியிருந்தது. இருளாண்டி அதைத் தொட்டான். போன வருஷம் தன் கையாலேயே வீரபத்திரனோடு குழிக்குள் வைத்த கம்பு.  செல்லச்சாமி பக்கம் திரும்பினான்.

"நீ வீட்டுக்குப் போ தம்பி. ஆளு சரியாப் போச்சு."

ஐந்து பேர் ரயில் ஏறினார்கள். நாற்பது நாள். திரும்பி வந்து இருளாண்டி சொன்னது கொஞ்சம்தான். ஓடைக்கரையில் தினமும் ஆறு இலை போட்டார்கள். ஆறாவது இலைச் சோறு அப்படியே இருக்கும். ஆனால் விடிந்தால் மரத்தில் ஒரு சாக்கு கூடுதலாகத் தொங்கும், உள்ளே நெளிந்துகொண்டு. வாய்க்கட்டு வீரபத்திரன் போடுகிற இடக்கை முடிச்சு. காட்டில் வரிசையாக நடக்கும்போது கடைசி ஆளுக்குப் பின்னாலும் ஒரு காலடி கேட்கும். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"பயமா இருந்துச்சா மாமா?" என்று செல்லச்சாமி கேட்டான்.

"இல்லடா. பாவமா இருந்துச்சு."

சித்திரையில் அதே கொட்டகையில் கட்டுப் பிரித்தார்கள். சீனி முகம்மது முதலாளி கணக்குப் புத்தகத்தோடு வந்திருந்தார். செல்லச்சாமி எல்லாவற்றையும் சொல்லியிருந்ததால் நாகலெட்சுமியும் அவனோடு வந்து மூலையில் உட்கார்ந்தாள். பிரிப்பதும் இருட்டில்தான். விளக்கை அணைத்து முடிச்சை அவிழ்த்தார்கள். கைகள் தடவுகிற சத்தம். அந்த இலை வாடை... குளிர்ச்சியாக நாகலெட்சுமியைக் கடந்து, கொஞ்சம் நின்று, வெளியே போனது. விளக்கை ஏற்றியபோது ஐந்து பேர் கையில் ஐந்து கம்பு. ஆறாவது இல்லை.

முதலாளி "யா அல்லாஹ்" என்றார். புத்தகத்தைப் பிரித்துக் கணக்குப் போட்டார். ஒரு பங்குக்கு நூற்று நாற்பது ரூபாய். பாக்கி போக மிச்சம் இரண்டரை ரூபாய். அதை நாகலெட்சுமி முன்னால் வைத்துவிட்டு, வீரபத்திரன் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தார்.

"மொதலாளி... அதை அடிச்சுராதீக."

எல்லோரும் நாகலெட்சுமி பக்கம் திரும்பினார்கள்.

"இந்தக் காசும் எனக்கு வேணாம். இன்னும் ஒரு அஞ்சு ரூவா பாக்கி நிக்கிதுன்னு எழுதுங்க. கடன் இருக்குன்னாத்தான அவுக அடுத்த வருசமும் வருவாக?"

வெளியே மணலில் போய்க்கொண்டிருந்த காலடி நின்றது.

எட்டு பேருக்கும் கேட்டது, நின்றது.

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தாயி, எங்கள்ல ஒருத்தர் மவுத்தாப் போனா, தூக்குறதுக்கு முன்னாடி அவர் கடனை யாரு ஏத்துக்கிறீகன்னு கேப்போம். கடனோட அனுப்பக் கூடாதும்மா. எம்புட்டுத் தூரம் நடந்து வந்து பாடுபட்டுருக்காரு... போகட்டும். விட்டுரு."

அவள் வெளி இருட்டையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று செல்லச்சாமிக்குத் தெரியாது. கடைசியில் சரி என்று தலையை ஆட்டினாள்.

முதலாளி கோடு போட்டார். பக்கத்தில் 'தீர்ந்தது' என்று எழுதினார்.

காலடி மறுபடி கிளம்பியது, மேற்கே பார்த்து... ரொம்ப மெதுவாக.