எந்தக் கொளஞ்சி

எங்கள் பக்கத்தில் கொளஞ்சி என்று பெயர் வைக்காத தெருவே கிடையாது மேடம். ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சாமியின் பெயர் அது. பிள்ளைக்கு உடம்பு சரியாகவேண்டும் என்று நேர்ந்துகொண்டால் வைத்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "கொளஞ்சி" என்று ஒரு சத்தம் கொடுத்தால், டீ குடித்துக்கொண்டிருப்பவர்களில் ரெண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் ராமநாதபுரம் பக்கம் என்று கான்ஸ்டபிள் சொன்னார். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். இது புரியாவிட்டால் வீரமணி செய்த தப்பு உங்களுக்குப் புரியாது.

என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். புகார் கொடுத்தது திருமானூர் சரத்குமார். அவர் மனைவி நந்தினி போன மாதம் அரியலூரில் பிரசவத்தில் இறந்துபோனார். வீரமணி தன் கவனக்குறைவால் ரத்தம் கொடுப்பவர்கள் விவரத்தையெல்லாம் அழித்துவிட்டதுதான் காரணம் என்று புகாரில் இருக்கிறது. எனக்கு வீரமணியை நன்றாகத் தெரியும். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

குன்னம் பள்ளிக்கூடத்தில் அவனும் நானும் ஒரே பெஞ்சு. அவனுக்கு வாய் உண்டு. யாரிடமும் போய் நிற்பான், பேசுவான், சிரிக்கவைப்பான். நான் மனிதர்கள் கூடினால் ஓரமாகப் போய்விடுகிற ஆள். கல்லூரி முடித்த வருஷம் அவன் அப்பாவுக்கு ஆபரேஷன். ரத்தம் கிடைக்காமல் ரெண்டு பேரும் பெரம்பலூர் முழுக்க நாயாக அலைந்தோம். அன்றைக்குப் பேசி ஆரம்பித்ததுதான் அந்த ரத்தக் குழு. அவன் ஊர் ஊராகப் போவான். கல்லூரி, கபடிப் போட்டி, கோயில் திருவிழா, எங்கேயும் மைக்கைப் பிடித்துவிடுவான். கை தூக்கினவர்களுடைய பேரையும் நம்பரையும் எனக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

நான் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். குழுவுக்கென்று ஒரு மெயில் கணக்கு தொடங்கி, வந்தவர்களை ஒவ்வொருவராக அதில் ஏற்றினேன். பேர், ஊர், ரத்த வகை, போன் நம்பர், மெயில் முகவரி. வகைவாரியாகப் பிரித்து வைத்தேன். அவசரம் என்றால் ஒரே அமுக்கு, அந்த வகைக்காரர்கள் அத்தனை பேருக்கும் மெயில் போய்விடும். துபாயில் இருக்கிறவன் பார்த்துவிட்டு இங்கே இருக்கிற தம்பியைக் கிளப்பி அனுப்புவான். நம்பர் மாற்றினவர்களை நானே தேடிப் பிடித்துத் திருத்துவேன். பட்டாவுக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள் கடையில் காத்துக்கிடப்பார்கள், நான் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி கவிதா கேட்பாள்: "ஊருக்கெல்லாம் ரத்தம் தேடுறீங்களே, வூட்ல அரிசி இருக்கா இல்லயான்னு ஒரு நாளாவது தேடியிருக்கீங்களா?" அவள் கேட்டதில் தப்பில்லை.

போன வருஷம் வீரமணி குழுவை அறக்கட்டளையாகப் பதிவு செய்தான். பாலக்கரையில் ஒரு மண்டபத்தில் விழா. எனக்குப் புதுச்சட்டை எடுத்துக்கொடுத்தவனும் அவன்தான், அதை மறைக்கக்கூடாது. மண்டப வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். நிறுவனர் வீரமணி. செயலாளர் அவன் மச்சான் ரஞ்சித்குமார். ஊசியைக் கண்டால் மயக்கம் போட்டு விழுகிற ஆள் அவர், குழுவுக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. நான் என் பேரைத் தேடினேன். அடியில் 'நன்றி' என்று போட்டு, பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் கீழே 'கணினி உதவி: கலைச்செல்வன்' என்று இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது மேடம். அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்னடா வீரா, என் பேரு மைக்செட்டுக்குக் கீழ கெடக்கு?"

"அட போடா, நமக்குள்ள என்னடா இதெல்லாம். மச்சான்தான் ஃபிளெக்ஸுக்குக் குடுத்தாரு. நீ இல்லாம நான் ஏதுடா?" தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அப்புறம் மேடையேறி, இந்த விவரத்தையெல்லாம் ஒத்த ஆளாக அலைந்து சேர்த்தேன் என்று பேசினான். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். பதினோரு வருஷம் கடைக்கு வரும்போதெல்லாம் நான் ஏற்றுவதைப் பார்த்தவன், என் முகத்துக்கு நேராக அதைச் சொன்னான். நான் சண்டைபோடவில்லை, எனக்கு அந்தப் பழக்கமில்லை. பாயசம் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது அவன் செய்த தப்புக்கு வருகிறேன். இந்த வருஷம் அவன் புதுப் போன் வாங்கினான். குழுவின் மெயில் கணக்கை அதில் சேர்த்ததும் ஆயிரக்கணக்கில் பேர்கள் வந்து நின்றன. பார்த்தால் கொளஞ்சி, கொளஞ்சி, கொளஞ்சி என்று வரிசையாகப் போகிறது. பக்கத்திலிருந்த ரஞ்சித்குமார், "மாமா, ஒரே ஆளு நாப்பது தடவ ஏறியிருக்கு. ஒண்ண வச்சிட்டு மிச்சத்த எடுத்துடுங்க, போன் ஸ்பீடா ஓடும்" என்றிருக்கிறார். இவனும் ஒவ்வொரு கொளஞ்சியாகத் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறான். விரல் வலித்திருக்கும் போல. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து அழி என்பதை அமுக்கிவிட்டான். கொளஞ்சிகளோடு சேர்ந்து மொத்தப் பேரும் போய்விட்டார்கள். போனில் அழித்தால் மெயில் கணக்கிலும் அழியும் என்பது அவனுக்குத் தெரியாது.

கடைக்கு ஓடிவந்தான். சட்டையெல்லாம் வியர்வை. நான் குழுக் கணக்கைத் திறந்து பார்த்தேன். அழிந்தது எதுவும் உடனே ஒழிந்துபோவதில்லை மேடம். முப்பது நாள் வரைக்கும் உள்ளே கிடக்கும். அதற்குள் நேற்று எப்படி இருந்ததோ அப்படித் திருப்பு என்று சொன்னால் திரும்பிவிடும். எல்லாப் பேரும் அங்கே பத்திரமாக இருந்தது.

"கஷ்டம்டா. மேல எழுதிப் போடணும். நாளாகும்" என்றேன்.

பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். "வேற யாரும் கை வெச்சா அடியோட போயிடும்" என்று சொன்னேன், நம்பினான். என்னைத்தான் நம்புவான், சின்ன வயசுப் பழக்கம். தினமும் வந்து, கடை வாசலில் நின்று, "வந்துச்சாடா?" என்று கேட்பான். இன்னும் இல்லை என்பேன். எனக்கு அவனிடமிருந்து ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது. நீ சேர்த்ததைத்தானடா நான் தொலைச்சிட்டேன் என்று ஒரு தடவை சொன்னால் போதும், அந்த நிமிஷமே எடுத்துக் கொடுத்திருப்பேன். அவன் தன் பேர் கெட்டுவிட்டது என்றுதான் தினமும் புலம்பினான்.

அதற்குப் பிறகுதான் நந்தினி விஷயம். காலையில் அரியலூர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ வகை என்று ஏற்றப் பார்த்தால் சேரவில்லை. சோதித்ததில் பாம்பே வகை என்று தெரிந்தது. பார்ப்பதற்கு ஓ மாதிரியே இருக்கும், ஆனால் ஓ ரத்தம்கூட அதற்கு ஆகாது. அதே பாம்பே வகை ரத்தம்தான் வேண்டும். ஆயிரக்கணக்கான பேரில் ஒருத்தருக்குத்தான் இருக்கும். எங்கள் குழுவில் ஒரே ஒரு ஆள் இருந்தார். பேர் கொளஞ்சி, ஊர் வரதராஜன்பேட்டை. அந்த அளவுக்கு வீரமணிக்கும் நினைவிருந்தது.

வீரமணி எனக்குப் போன் செய்தான். "கலை, அந்த ஒரு நம்பர மட்டுமாவது எடுத்துக் குடுடா. பச்ச ஒடம்புக்காரிடா. புருசன் இங்க தரையில விழுந்து அழுவுறான். பாக்க முடியலடா."

"பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன். நெட்டு வேற சுத்துது" என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அது பொய்யில்லை. கொளஞ்சியின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். நம்பர் முழுசாகத் தெரிந்தது. நெட்டும் நன்றாகவே ஓடியது. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அவன், "நான் சேத்த லிஸ்ட்டு இப்ப ஒதவலன்னா வேற எப்படா ஒதவும்" என்றான். அந்த நேரத்தில்கூட அவன் சேர்த்ததுதான். எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. போனை வைத்துவிட்டு, காத்திருந்த ஒருவருக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன்.

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு வரதராஜன்பேட்டைக்கே போய்விட்டான். கொளஞ்சி வீடு எது என்று கேட்டால், "எந்தக் கொளஞ்சிங்க? வெல்டிங் கொளஞ்சியா, சூளைக்காரரு கொளஞ்சியா, டீச்சரம்மாவா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கொளஞ்சி வீடாக ஏறி இறங்கியிருக்கிறான். ஒரு பெரியவர், "எந்த ரத்தமா இருந்தா என்னய்யா, நானும் கொளஞ்சிதான், வா" என்று அவன் பைக்கிலேயே ஏறி அரியலூர் வரைக்கும் வந்தாராம். அவர் ரத்தம் சேரவில்லை. டாக்டர்கள் சென்னையில் சொல்லி ஒரு பாக்கெட் கிடைத்து, காரில் அனுப்பினார்கள். கார் விழுப்புரம் தாண்டுவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள்.

திருமானூருக்கு நானும் மாலை வாங்கிக்கொண்டு போனேன். வீரமணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான்டா கொன்னுட்டேன்" என்று அழுதான். நான் அவனைத் தேற்றினேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது மேடம், முகத்தைக்கூட அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முப்பது நாள் முடிவதற்கு முன்னால் நான் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துவிட்டேன். என் உழைப்பு, அதை எப்படி வீணாக விடுவேன்? ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒருத்தர் விடாமல் அத்தனை பேரும் அவரவர் ஊரோடும் வகையோடும் வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் அல்லவா, வரதராஜன்பேட்டை கொளஞ்சிக்கு ஒரு போன் போட்டேன். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று சும்மா கேட்டேன். அக்கா பேத்திக்குக் காதுகுத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் ஜெயங்கொண்டத்தில் இருந்தோம் என்றார். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு போன் அடிச்சிருந்தா ஓடியாந்திருப்பேங்களே, ஐயோ, ஒரு போன் அடிக்கலயே" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நல்ல மனுஷர். நம்பர் சரிதான் என்று அவர் பேருக்கு நேராகக் குறித்து வைத்தேன்.

அழித்தது நானில்லை, வீரமணி. அழிக்கச் சொன்னதும் நானில்லை, அவன் மச்சான். நான் ஒரு பொத்தானை அமுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். சட்டத்தில் அதற்கு என்ன பேர் என்று உங்களுக்குத்தான் தெரியும். இந்தப் புகாரில் நான் வெறும் சாட்சிதான், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வீரமணி உள்ளே போயிருப்பான். போகட்டும் என்றுதான் நேற்று வரைக்கும் நினைத்திருந்தேன்.

ஆனால் ரஞ்சித்குமார் டீக்கடை டீக்கடையாக என்ன சொல்லிக்கொண்டு திரிகிறார் தெரியுமா? "கலைக்கு என்னாங்க தெரியும், சும்மா கடையத் தொறந்து வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். வெவரம் தெரிஞ்சவன்கிட்ட குடுத்திருந்தா அப்பவே எடுத்திருப்பான், ஒரு உசுரு நின்னிருக்கும்" என்கிறார். கடைக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நேற்று ஒருவர் பென்டிரைவை நீட்டிவிட்டு, கொஞ்சம் யோசித்து, வேண்டாங்க என்று திரும்ப வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். இப்போது நீங்கள் காட்டிய புகார்க் காகிதத்திலும், கணினி தெரிந்த கலைச்செல்வனாலும் மீட்க இயலவில்லை என்று எழுதியிருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரை இப்படித் திருப்பினீர்கள் என்றால் எப்படி எடுப்பது என்று இப்போதே செய்து காட்டுவேன். நந்தினி சாவுக்குக் காரணம் நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள் மேடம், கையெழுத்துப் போடுகிறேன். மீட்கத் தெரியாதவன் என்ற அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.