காலி நாற்காலிகளுக்கும் வணக்கம்

பாலாற்றங்கரை எச்சரிக்கைக் குழுவை வழிநடத்தும் தலைவர் ஐயா இராஜகோபால் அவர்களே! வயலையும் தறியையும் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளையை மடியிலும் ஊரார் பிள்ளையை மனத்திலும் சுமக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் பிரவீனாவே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். உங்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கிடக்கும் காலி நாற்காலிகளுக்கும் என் வணக்கம். சிரிக்காதீர்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். ஆனால் இங்கே ஆசிரியையாக நிற்கவில்லை. ஓரிக்கை இராமராஜனின் அக்காவாக நிற்கிறேன்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் கரையோரத்துக் கைப்பேசிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். அதற்காகத்தானே நோட்டிபிகேஷன் சர்வர் ஒன்றை நிறுவினோம்? நிறுவிவிட்டு என்ன செய்தோம்? மழையில்லாத மாதங்களில் அதைச் சும்மா விடுவானேன் என்று நினைத்தோம். விடிந்தால் ரோஜாப்பூவோடு காலை வணக்கம்! காதுகுத்தா, அனுப்பு! அம்மனுக்குக் கூழா, அனுப்பு! முகூர்த்தப் புடவைக்குத் தள்ளுபடியா, அதையும் அனுப்பு! அனுப்புவதற்கு அழகான வலைப்பக்கம், பூ வைக்க இடம், படம் வைக்க இடம், தட்டுவதற்குப் பெரிய பொத்தான். அன்பால்தான் செய்தோம், ஐயா. ஆனால் நாள் முழுக்கக் கத்தும் மணியை எந்த வீடு பொறுக்கும்? ஒவ்வொரு வீடாக ஒலியை அணைத்தது. புலி வருது கதையிலாவது ஒருவன் பொய் சொன்னான். நம் கதையில் யாருமே பொய் சொல்லவில்லை. எல்லாம் உண்மையான காதுகுத்து, உண்மையான கூழ்!

போன ஐப்பசியில் என் தம்பி, ஆற்றுப் படுகையில் இருந்த மோட்டாரைக் கழற்றப் போனான். சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்தான். சட்டைப் பையில் கைப்பேசி. மேற்கே பெய்த மழை ஆற்றில் இறங்கியது. எச்சரிக்கை போனதா? போனது. நேரத்தோடு போனதா? போனது. என் தம்பியின் கைப்பேசிக்கு வந்ததா? வந்தது அம்மா, வந்தது! வந்து, சத்தமில்லாமல் அந்தச் சட்டைக்குள் கிடந்தது. தம்பிதான் வரவில்லை.

மறுநாள் அந்தச் சட்டையை என் கையில் கொடுத்தார்கள். கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கைக்குக் கீழே ஒரு ரோஜாப்பூ. அதற்கும் கீழே யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து. எதையுமே அவன் திறக்கவில்லை.

காரியத்துக்கு வந்தாள் பிரவீனா. செவிலிமேட்டுப் பெண், தினமும் ரயிலேறிச் சென்னைக்குக் கணினி வேலைக்குப் போகிறவள். என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "அக்கா, அந்த வலைப்பக்கத்த மூடிடலாம்கா. இனிமே பூ அனுப்பவே முடியாத மாதிரி நான் ஒண்ணு எழுதித் தர்றேன்."

எழுதினாள். கமாண்ட் லைன் என்கிறார்கள். கறுப்புத் திரை, அதில் ஒரே ஒரு வரி. பூ இல்லை, படம் இல்லை, பொத்தான் இல்லை. 'சொல்' என்று அடித்து, பக்கத்தில் செய்தியை அடித்தால் போதும். சிக்னல் செத்துக்கொண்டிருந்தாலும் சர்வருக்குப் போய்விடும். ஆனால் போவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கும்: யாருக்கு ஆபத்து? ஒரு மனிதரின் பெயரை அடிக்க வேண்டும். பெயர் இல்லையேல் செய்தி இல்லை!

கரையில் காவல் பார்க்கும் முனிரத்தினம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஒரு வணக்கம்கூட போட முடியலியே?" என்றார். "போட முடியாதுண்ணா. அதுக்குத்தான் செஞ்சேன்" என்றாள் பிரவீனா. பிறகு நானும் அவளும் வீடு வீடாகப் போனோம். "ஒலியை மட்டும் திறந்து வையுங்கள்" என்று கைகூப்பினோம். மாதங்கள் போயின. அது வாயே திறக்கவில்லை. ரிப்பேராகிவிட்டதா என்று என்னிடமே கேட்டார்கள்.

இந்த ஐப்பசியில் ஆறு மீண்டும் பொங்கியது. முனிரத்தினம் அண்ணன் கரையில் நின்றபடி கைப்பேசியிலேயே அடித்தார்: தண்ணி வருது, மேல ஏறு. யாருக்கு ஆபத்து என்றது திரை. எதிரே படுகையில் எருமையோடு ஓர் உருவம். 'பூவம்மா' என்று அடித்தார். ஊரே ஒலித்தது!

அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார் பூவம்மாள். எழுந்திரு தாயே, எல்லோரும் பார்க்கட்டும். என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "இத்தினி நாளா இடுப்புல வாய மூடிக்கினு இருந்த போனு கத்துதேன்னு, மாட்டக்கூட திரும்பிப் பாக்காம ஓடியாந்தேம்மா. மாடு எனக்கு முன்னாடியே ஏறிக்கினு இருக்குது!"

கைதட்டுங்கள். என் தம்பிக்காகவும் தட்டுங்கள்.

இனி அந்த நாற்காலிகளுக்கு வருகிறேன். இன்று காலை நம் தலைவர் ஐயா பிரவீனாவிடம், "விழாவுக்கு எல்லாரையும் கூப்புட்டு ஒரே ஒரு தடவ தட்டிடும்மா" என்றார். திரை கேட்டது, யாருக்கு ஆபத்து? "என் பேரப் போடும்மா. கூட்டம் வரலன்னா எனக்குத்தான் ஆபத்து!" ஐயாவே சிரிக்கிறார் பாருங்கள். பிரவீனா தட்டவில்லை. ஐயாவும் வற்புறுத்தவில்லை.

ஆகவே காலியாகக் கிடக்கின்றன அந்த நாற்காலிகள். அங்கே அமர வேண்டியவர்களுக்கு இப்படியொரு விழா நடப்பதே தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்! அவர்கள் வீட்டில் கைப்பேசியின் ஒலி திறந்திருக்கிறது. என் தம்பிக்குக் கேட்காத அந்த ஒலி, இனி ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு தம்பிக்கும் கேட்கும்.

வந்து கேட்ட உங்களுக்கு நன்றி. வராதிருந்து என் தம்பியைப் பெருமைப்படுத்திய அவர்களுக்கும் நன்றி. வணக்கம்.