பூண்டுக் கொட்டகையில் முதல் ஆணி

— ஏ மேரி, சுத்தியல எங்க வச்ச? காலண்டர மாட்டணும்டி.

— இங்கதான் எங்கனயாச்சும் கெடக்கும், பாப்பம்மாக்கா. என்ன அவசரம்?

— எட்டு வருசமா என் வீட்டுல குடியிருக்க, ஒரு சாமான் வச்ச எடத்துல இருக்காது உனக்கு.

— ஆணி அடிக்க நீங்க விட்டாத்தான வச்ச எடத்துல இருக்கும்? எங்க மாதா படம் இன்னும் அரிசி டின்னு மேலதான் நிக்குது.

— அது என் வீட்டுச் செவுரு, பெயிண்டு உரிஞ்சிரும். இது கந்தவேலோட பூண்டுக் கொட்டகை. எத்தன வேணாலும் அடிக்கலாம்.

— சரிதான்! ஆமா, உங்க பாய ஏன் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருக்கீங்க? போன சீசன்ல நாங்க கட்டித் தொங்குற பூண்டுக்கடியில படுத்தோம். இந்த சீசன் உங்க முறை.

— வீட்டுக்காரிக்கும் குடித்தனக்காரிக்கும் முறையாம்ல!

— சீசன்ல ஏதுக்கா வீட்டுக்காரி? பள்ளங்கி ரோடு பூராவும் இந்தக் கூத்துதான். வீட்ட டூரிஸ்ட்டுக்கு விட்டுட்டு வீட்டுக்காரன் மாட்டுக் கொட்டாயில, குடித்தனக்காரன் மச்சினன் வீட்டுல, கட்டில்ல மட்டும் பெங்களூருக்காரன்.

— சிரிக்காத, போன் அடிக்குது. ஹலோ, சொல்லுங்க சார்... வியூ இருக்கு சார்... மலை எங்கயும் போகல, பனிக்குள்ளதான் நிக்குது... இல்ல சார், நாங்க மூடல... மத்தியானம் அதுவா தெறக்கும் சார்.

— அய்யோ, வயித்த வலிக்குதுக்கா! எந்தப் போர்சன் ஆளு?

— உன் போர்சன்தான். அடுப்படி சன்னல்ல நின்னு மலையத் தேடுறான்.

— அந்த சன்னல்ல நான் உங்க தண்ணி டேங்கத் தவிர எதையும் பாத்ததில்லையே!

— வாயப் பாரு. என்ன இன்னைக்கி ஒரே சிரிப்பா இருக்கு? கையில வளையலையும் காணோம்.

— பாத்திரம் கழுவக் கழட்டுனேன்க்கா.

— உன் புருசன் பவுல்ராஜும் வெள்ளனே வெள்ளைச் சட்டை போட்டு ஜீப்ப எடுத்துட்டுப் போச்சு.

— அவருக்கு ஒரு சோலியாம். வந்துருவாரு.

— மேரி, இப்படி வந்து உக்காரு. ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. சீசன் முடிஞ்சு நீங்க வீட்டுக்குத் திரும்ப வர முடியாதுடி. வருசம் பூரா டூரிஸ்ட்டுக்கே விடணும்னு மகன் ஒத்தக்கால்ல நிக்குறான். எனக்கு மட்டும் ஆசையா? நீ போயிட்டா நான் யார்கூட சண்ட போடுவேன்?

— அழாதீங்கக்கா. எனக்கு முன்னயே தெரியும். உங்க மகன் போன்ல பேசுனது செவுத்துக்கு எங்க பக்கம் கேட்டுச்சு.

— தெரிஞ்சுமா சிரிக்கிற?

— அன்னைக்கி ராத்திரி அழுதேன். எங்க போவோம்னு அவரு தோள்ல விழுந்து அழுதேன். இன்னைக்கித்தான் சிரிப்பு வருது.

— கிறுக்கச்சி. இன்னொண்ணு தெரியுமா? கந்தவேல் இந்தக் கொட்டகைய வித்துட்டுக் கன்னிவாடிக்கே போறானாம். வாங்குறவன் எப்பேர்ப்பட்டவனோ! அடுத்த சீசனுக்கு நானே எங்க படுப்பேன்?

— அதான பயமா இருக்கு. ஒம்போது மணிக்கு மேல லைட்டு எரியக்கூடாது, கருவாடு வறுக்கக்கூடாது, ஒறமொறை வந்தா மறுநாளே கெளம்பிரணும்னு சட்டம் போட்டா?

— ச்சீ! அப்படியும் மனுசங்க இருப்பாகளா?

— இருக்காங்கக்கா. தங்கமானவங்கதான். ஆனா இருக்காங்க.

— ஜீப்பு சத்தம் கேக்குது. பவுல்ராஜுதான். கூட கந்தவேலும் எறங்குறானே! ஏய், கையில லட்டு டப்பா. எதுக்குடி ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிறாக?

— பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டாங்க போல! மாதாவே!

— என்ன கையெழுத்து? இரு, என்னமோ காலுல இடறுது... அடிக்கள்ளி! சுத்தியல உன் பாயிக்கடியில ஒளிச்சு வச்சுக்கிட்டா என்னைய அலைய விட்ட?

— இப்படிக் குடுங்கக்கா. என் வீட்டுச் செவுத்துல முத ஆணி மாதாவுக்கு, ரெண்டாவது உங்க காலண்டருக்கு.