கையைத் தூக்கினால் போதும்

பழைய விதிப்புத்தகத்தை விட்டுப் புதிய பதிப்புக்கு மாறுவது அப்படியொன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை, சார். சொல்லிக் கொடுப்பவனுக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எனக்கு அது நிறையவே உண்டு.

எங்கள் ஆட்டம் இப்படி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகிவிடுவோம். கதையை நான் நடத்துவேன், ஜெயிப்பதா தோற்பதா என்று பகடை சொல்லும். ஞாயிறு மதியம், என் கடையின் பின்னறையில். மருந்துக்கடைக்காரர் வில்லாளி, டீச்சர் திருடி, என் மனைவியின் அண்ணன் மந்திரவாதி. வில்லாளியையும் திருடியையும் ஒரே வாரத்தில் புது விதிக்கு மாற்றிவிட்டேன். மச்சான் மட்டும் மசியவில்லை.

அவருடைய பழைய புத்தகத்தை நீங்கள் கையுறை போட்டுத்தானே எடுத்தீர்கள்? நான் வருஷக்கணக்கில் வெறுங்கையால் தொட்டிருக்கிறேன். தின்ற கையோடு புரட்டுவார். சளி துடைத்த கைக்குட்டையைப் பக்க அடையாளமாகச் செருகி வைப்பார். பேசும்போது பல்லிடுக்கில் இருந்தது எச்சிலோடு தெறித்துப் பகடைமேல் விழும். அந்தப் பகடையை அடுத்து நான் உருட்ட வேண்டும். பெண் கொடுத்த வீடாயிற்றே என்று சிரித்து வைப்பேன்.

பழைய பதிப்பில் ஒரு விதி. ஆட்டத்தை நிறுத்த வேண்டுமானால் "வெளியே" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அழுதாலும் இருமினாலும் அது பாத்திரத்தின் கணக்கு. புதிய பதிப்பில் கையைத் தூக்கினால் போதும், எல்லாரும் நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு நல்ல விதி!

"கையத் தூக்க இது என்ன பள்ளிக்கூடமா மாப்ள? வாய் இருக்குல்ல, சொல்லட்டும். என் உசிரு இருக்கற வரைக்கும் பழசுதான்" என்றார் மச்சான்.

டீச்சர் உடனே, "அப்ப நாமளும் பழசுக்கே போயிடலாமே, அண்ணன் மனசு கஷ்டப்படக் கூடாது" என்றார். நான் பட்ட பாடெல்லாம் வீண் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு கதை எரிமலைக் குகைக்குள் போனது. சூழ்நிலை பொருத்தமாக இருக்கட்டும் என்று புகை விடும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். மச்சானுக்கு இழுப்பு உண்டு. இன்ஹேலரை எப்போதும் பகடைக்குப் பக்கத்தில் வைப்பார். மேசையைத் துடைக்கும்போது அது பிசுபிசுவென்று ஒட்டியது. கழுவித் தரலாம் என்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சானுக்கு நெஞ்சு விசிலடித்தது. மேசையைத் தடவித் தடவித் தேடினார். "என்னமா நடிக்கிறாரு!" என்று டீச்சர் கை தட்டினார்.

மருந்துக்கடைக்காரர் பாதி எழுந்துவிட்டார். "நெசமாவே முடியலயோ?"

"'வெளியே'ன்னு சொன்னாரா? சொல்லல. அப்ப மந்திரவாதிக்குத்தான் மூச்சு முட்டுது. உக்காருங்க. அவரே கேட்ட விதிதானே" என்றேன்.

உட்கார்ந்தார். நல்ல மனுஷர், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

மச்சானின் உதடு நீலமாகியது. கோழை நூலாக இறங்கிப் புதுப் புத்தகத்தின் அட்டையில் விழுந்தது. முதலில் அதைத்தான் துடைத்தேன்.

நானும் நடிப்பென்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை சார். அவர்கள் இருவரும் நினைத்தார்கள். எனக்குத் தெரியும். இன்ஹேலர் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

நாற்காலியிலிருந்து சரிவதற்கு முன் மச்சான் என்னையே பார்த்தார். பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார், தலைக்கு மேலே, நன்றாக. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவ்வளவு பிடிவாதக்காரர் கடைசியில் தானாகவே புதிய பதிப்புக்கு வந்துவிட்டார், நான் வற்புறுத்தவே இல்லை.